மணி அடிக்காத மாதங்கள்

எங்கள் ஊர் அந்தோணியார் கோயிலில் மார்கழியிலிருந்து வைகாசி வரை மணி அடிப்பதில்லை. கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் முன்னால் மலைத்தேனீக்கள் எங்கிருந்தோ வந்து மணிக்கூண்டின் வளைவுக்குக் கீழே தொங்கும். முதல் கூட்டம் வந்த அன்றே என் தாய்மாமன் மாசிலாமணி மணிக்கயிற்றைச் சுருட்டி உயரத்தில் கட்டிவிடுவார். அவர்தான் கோயில்பிள்ளை. பெருக்குவது, மெழுகுவத்தி ஏற்றுவது, பூசைக்கு ஆள் கூப்பிடுவது எல்லாம் அவர் வேலை. அந்த ஐந்து மாதமும் வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு அதைத்தான் தட்டுவார், அதுவும் மெதுவாக. மற்ற ஊர்களில் பெரிய வியாழன் தொடங்கி மூன்று நாள் மணி ஊமையாக இருக்கும், ஈஸ்டருக்குப் பேசிவிடும். எங்களூரில் ஈஸ்டருக்கும் மணி கிடையாது. புதிதாக வருகிற சாமியார்கள் முதல் வருடம் கோபப்படுவார்கள். இரண்டாம் வருடம் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

நடுப்பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்தும்போது எல்லோரும் முழங்காலில் மூச்சடக்கி இருப்போம். அப்போது மேலேயிருந்து அந்த ரீங்காரம் இறங்கி வரும். தூரத்தில் யாரோ ஒரே எழுத்தை விடாமல் சொல்லிக்கொண்டிருப்பது போல. சிறு வயதில் கடவுளின் குரல் அதுதான் என்று நினைத்திருந்தேன். வளர்ந்த பிறகு அப்படி நினைக்கவில்லை. ஆனால் அது இல்லாத கோயில்களில் எனக்கு ஜெபம் வந்ததில்லை. திண்டிவனத்தில் பெரிய கோயிலில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்கும், மனசு பஸ் நேரத்தை நினைத்துக்கொண்டிருக்கும். எங்கள் கோயிலில் மட்டும், நாங்கள் ஜெபிப்பதற்கு முன்பே ஏதோ ஒன்று ஜெபித்துக்கொண்டிருக்கிறது, நாங்கள் நடுவில் வந்து சேர்ந்துகொள்கிறோம் என்று தோன்றும்.

அந்தத் தேனீக்களை நான் கொன்றேன்.

நான் மருந்தடிக்கிற ட்ரோன் ஓட்டுகிறவள். மகளிர் குழு மூலம் பயிற்சி கொடுத்து, மிஷினையும் கொடுத்தார்கள். எங்களுக்கு நிலம் கிடையாது. அம்மா சவுரியம்மாள் முப்பது வருடம் அடுத்தவர் கொல்லையில் களையெடுத்தவள். கோயிலுக்குத் தெற்கே தையல்நாயகி அம்மாளின் மூன்று ஏக்கர் எள் கொல்லையிலும் எடுத்திருக்கிறாள். அந்தத் தையல்நாயகி அம்மாள், நான் ட்ரோன் பெட்டியோடு போய் இறங்கினால், "வாம்மா ஜெசிந்தா" என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போடுவார். டீ கொடுப்பார், வீட்டு டம்ளரில். அம்மாவுக்கு அந்த வீட்டில் டீ கிடைத்தது கொட்டாங்குச்சியில் இல்லைதான். ஆனால் அந்த டம்ளரிலும் இல்லை.

பங்குனியில் எள் பூத்திருந்தது. காய்ப்புழுவுக்கு மருந்தடிக்க வேண்டும், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வா என்று அவர் சொல்லியிருந்தார். சாயங்காலம்தான் சரி. பூத்த பயிரில் காலையில் அடிக்கக் கூடாது, தேனீ வருகிற நேரம் என்று பயிற்சியில் மூன்று முறை சொன்னார்கள். நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். ஆனால் அன்று சாயங்காலம் திண்டிவனத்தில் வேளாண்மைக் கூட்டம் ஒன்றில் பெண் ட்ரோன் ஓட்டிகளுக்குச் சால்வை போடுவதாக இருந்தது. நான் மேடையில் உட்கார வேண்டும். "காலையிலேயே முடிச்சிடறேன்மா, காத்து கம்மியா இருக்கும்" என்று நானே போன் போட்டு மாற்றிவிட்டேன். அவர் மறுப்பு சொல்லவில்லை.

ஒன்பது மணி. கையிலிருந்த திரையில் கொல்லை ஒரு பச்சைச் செவ்வகமாக இருந்தது. நான்கு மூலையிலும் புள்ளி வைத்தேன். அதற்கு நூறு அடி தள்ளி இருந்த மணிக்கூண்டு அந்தச் செவ்வகத்துக்குள் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது பூக்களுக்குள் தேனீக்கள் தலையை விட்டுக்கொண்டிருந்தன. பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. விசிறிக் காற்றில் பறந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மிஷினை ஏற்றினேன்.

சாயங்காலம் சால்வை போட்டார்கள். ஊதா நிறம்.

மறுநாள் காலை கோயில் முன்னால் மாமா துடைப்பத்தோடு நின்றிருந்தார். பெருக்கவில்லை. மணிக்கூண்டுக்குக் கீழே சிமெண்டுத் தரை கறுத்துக் கிடந்தது. கிட்டே போனால் அந்தக் கறுப்பு அசைந்தது. மல்லாந்து கிடந்த தேனீக்கள் ஒரே இடத்தில் சுழன்றுகொண்டிருந்தன. மேலே கூட்டிலிருந்து இன்னும் விழுந்துகொண்டிருந்தன, ஒவ்வொன்றாக, மழை விட்ட பிறகு கூரை சொட்டுவது போல. மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒன்றை உள்ளங்கையில் எடுத்து ஊதினார். அது காலை மடக்கிக்கொண்டது.

அந்த நாட்களில் கோயிலுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர் நிஜாமுதீன். கோட்டக்குப்பத்துக்காரர், நாற்பது வயதுக்கு மேல். கோயிலை ஒட்டிய கொட்டகையில் தங்கி வேலை செய்வார், வெள்ளிக்கிழமை தொழுகைக்கு ஊருக்குப் போய்விடுவார். "எனக்கு வெள்ளி லீவு, உங்களுக்கு ஞாயிறு லீவு. நடுவுல சனிக்கிழமைதான் பாவம், அதுக்கு யாருமே இல்ல" என்பார். ஈஸ்டருக்குள் மணிக்கூண்டு முழுவதையும் முடித்துத் தர வேண்டும் என்று பேச்சு. கூட்டைச் சுற்றி மட்டும் இரண்டடிக்கு விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் அடித்திருந்தார். போன வாரம் மாமாவிடம் விளையாட்டாகச் சொன்னார்: "உங்க வாடகைக்காரங்க எப்ப காலி பண்ணுவாங்கண்ணே? ஈஸ்டருக்குள்ள போவலன்னா நானே நோட்டீஸ் ஒட்டிடுவேன்." மாமா சிரித்தார். நானும் அங்கே இருந்தேன், சிரித்தேன்.

இப்போது ஊர் கூடியிருந்தது. கூண்டுக்குக் கீழே தின்னர் டப்பா திறந்து கிடந்தது.

"பாய், இன்னா ஊத்தின?" என்றார் மாமா.

"நான் இன்னா ஊத்தினேன்? சன்னலுக்கு எனாமல் அடிச்சேன், தின்னர்ல பிரஷ் கழுவினேன். பத்து நாளா அதத்தான பண்ணிக்கினு இருக்கேன். பத்து நாளா சாவாதது இன்னிக்கா சாவும்?"

"நோட்டீஸ் ஒட்டுறேன்னு சொன்னியே."

"அண்ணே, அது வெளையாட்டுக்குச் சொன்னது."

"மிச்சம் வுட்ட எடத்தப் பூசணும். அதுக்குத்தான். நேரா சொல்லு."

"ஆண்டவன் மேல ஆணையா இல்லண்ணே."

மாமா கெட்ட மனிதர் இல்லை. வாழ்நாளில் யார் மேலும் கை நீட்டியதில்லை. கையில் அந்தச் செத்த தேனீயை வைத்துக்கொண்டே சொன்னார்: "உங்க பள்ளிவாசலா இருந்தா இப்படிப் பண்ணியிருப்பியா? அடுத்தவன் கோயிலு, அதான் வலிக்கல உனக்கு."

நிஜாமுதீன் தின்னர் டப்பாவை மூடினார். கூட்டத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். அந்தப் பார்வை என் மேலும் வந்துவிட்டுப் போனது. நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். செத்த தேனீக்களைப் பார்த்து வருத்தப்படுகிறவள் போல நின்றேன். வருத்தம் பொய்யில்லை. நின்ற விதம்தான் பொய்.

எங்கள் பங்குச் சாமி இருதயராஜ் அவரை அன்றே அனுப்பிவிட்டார். விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அடுத்த வேலைக்கு அவரைச் சொல்லி வைத்திருந்தார். அங்கேயும் போன் போட்டு வேண்டாம் என்றார். போன் பேசியது வாசல் வரை கேட்டது. நிஜாமுதீன் பிரஷ்களைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "தையல்நாயகி கொல்லையில எள்ளு பூத்திருந்துதே. நேத்து எத்தினி மணிக்கு அடிச்ச?"

நான் ட்ரோன் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

"சரி. வாயத் தொறக்காத."

"அந்தப் பாயி..."

"அவருக்குக் கைத்தொழில் இருக்குது, எங்கனா பொழச்சிக்குவாரு. உங்கிட்டயிருந்து மிஷினப் புடுங்கிக்கினா நீ இன்னா பண்ணுவ? என் கூட களை எடுக்க வர்றியா? இன்னிக்குத்தான்டி உனக்குச் சேரு போடுறாங்க."

மறுநாளும் விழுந்துகொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, மிச்சமிருந்தவை எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பின. முன்பெல்லாம் வைகாசியில் கிளம்பும்போது வானத்தில் ஒரு போர்வை நகர்வது போல இருக்கும். இது ஒரு கைக்குட்டை அளவுதான். வானூர்ப் பக்கமாகப் போய் மறைந்தது. மாமா கண்ணுக்கு மேல் கை வைத்துக்கொண்டு, மறைந்த பிறகும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே கூடு வெளிறித் தொங்கியது. இத்தனை நாள் நாங்கள் கூடு என்று பார்த்ததெல்லாம் தேனீக்களின் முதுகுதான், கூட்டை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறோம் என்று அப்போது புரிந்தது.

சனிக்கிழமை காலை, சாமியிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மறுநாள் ஈஸ்டருக்கு முந்தைய குருத்து ஞாயிறு. ஊரில் பாதிப் பேர் வரிசையில் நின்றார்கள். மனசில் சுமை இருந்தால் எங்களுக்கு இறக்கி வைக்கத் தெரிந்த இடம் அது ஒன்றுதான். முழங்காலிட்டுத் தட்டியின் ஓட்டைகளைப் பார்த்துச் சொன்னேன். காலையில் அடித்தது, தேனீயைப் பார்த்தும் அடித்தது, சால்வை, நிஜாமுதீனைத் திட்டும்போது வாய் மூடி நின்றது. எல்லாம்.

தட்டிக்கு அந்தப் பக்கம் நாற்காலி முனகியது.

"இத ஏம்மா இங்க வந்து சொன்ன?" என்றார் இருதயராஜ் சாமி.

"இங்கதான சாமி சொல்லணும்?"

"இங்க கேட்டத நான் வெளிய கொண்டு போக முடியாது. வாயால மட்டும் இல்ல, ஒரு காரியத்தாலகூட முடியாது. அந்த மனுசன் மேல தப்பில்லன்னு இப்ப எனக்குத் தெரியுது. ஆனா விழுப்புரத்துக்குப் போன் போட்டு, அவருக்கே வேலையக் குடுங்கன்னு சொல்ல முடியாது. அவருதான் பண்ணாரான்னு நேத்து வரைக்கும் எனக்கே ஒரு சந்தேகம். திங்கக்கிழமை நாலு பேர விசாரிக்கலாம்னு இருந்தேன். இனிமே அதுவும் முடியாது. என் வாயப் பூட்டிட்டம்மா நீ."

மனம் லேசாகும் என்றுதான் வந்தேன். அந்த ஊரில் நிஜாமுதீனுக்காகப் பேசியிருக்கக்கூடிய ஒரே ஆளையும் நான் ஊமையாக்கியிருந்தேன்.

"கடவுள் மன்னிப்பாரு. அதுல சந்தேகம் இல்ல. ஆனா பத்து அருள்நிறைந்த மந்திரம் சொல்லிட்டுப் போன்னு உன்ன அனுப்ப மாட்டேன். சொல்ல வேண்டியவங்ககிட்ட போய்ச் சொல்லு."

வெளியே வந்து படியில் நின்றேன். வரிசை முடிந்து சாமியும் வந்தார். "இன்னா ஜெசிந்தா, சாப்டியா?" என்று கேட்டார், எல்லோரையும் கேட்பது போலவே. முகத்தில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத முகத்தை அவர் எவ்வளவு சிரமப்பட்டு வைத்திருக்கிறார் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது.

அன்று மதியமே திண்டிவனம் போய், பாண்டிச்சேரி பஸ் ஏறி, அங்கிருந்து கோட்டக்குப்பம் போனேன். பெயிண்டர் நிஜாமுதீன் என்று டீக்கடையில் கேட்டதும் தெருவைக் காட்டினார்கள். அவர் தன் வீட்டு இரும்புக் கேட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

"பத்து வருசமா கேட்டுக்கினு இருக்கேன் இந்தக் கேட்டுக்கு. ஊருக்கெல்லாம் அடிப்பாரு. இப்பதான் டைம் கெடச்சிருக்குது" என்று சொல்லிக்கொண்டே அவர் மனைவி ஷரீபா பீவி எனக்குத் தண்ணீர் கொண்டு வந்தார். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன்.

நிஜாமுதீன் பிரஷ்ஷை டப்பாவின் மேல் வைத்தார். "நான் பண்ணலன்னு எனக்குத் தெரியும்மா. நீ பஸ் ஏறி வந்து சொல்லித்தான் தெரியணுமா?"

"சாமிகிட்டயும் சொல்லிட்டேன், பாய். பாவசங்கீர்த்தனத்துல."

அது என்ன என்று கேட்டார். சொன்னேன். கேட்டு முடித்ததும் சத்தமாகச் சிரித்தார். "அப்ப வெளிய சொல்ல முடியாதவர்கிட்ட ஒரு தடவ சொன்ன. ஏற்கெனவே தெரிஞ்சவன்கிட்ட ஒரு தடவ சொல்ற. கெட்டிக்காரி பாப்பா நீ."

ஷரீபா பீவி சிரிக்கவில்லை. தண்ணீர்ச் சொம்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"பத்து நாளு சாரத்து மேல அதுங்களுக்கு ரெண்டடியில நின்னேன்" என்றார் அவர், சிரிப்பு அடங்கிய பிறகு. "ஒண்ணுகூடக் கொட்டல. காலையில ஏறும்போது சலாம் சொல்லிட்டுத்தான் ஏறுவேன். எங்க கட்டணும், எப்படிக் கட்டணும்னு தேனீக்கு அல்லாவே சொல்லித் தர்றான்னு எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லுவாரு. நம்மகிட்ட அவன் நேரா பேசறதில்ல, இதுங்ககிட்ட பேசறானேன்னு நெனச்சிக்கினே செவுத்துக்குப் பட்டி பார்ப்பேன். வேல போனது கெடக்கட்டும். அடுத்தவன் கோயிலு, அதான் வலிக்கலன்னாரே உங்க மாமா. அதான்மா தூக்கம் வர மாட்டேங்குது."

நான் அவர் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். எதற்கு என்று எனக்கே அப்போது தெளிவாக இல்லை. திரும்பி வரும்போது பஸ் சன்னலுக்கு வெளியே சவுக்குத் தோப்புகளும், எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைகளும் போய்க்கொண்டிருந்தன. இந்த இரண்டு வருடமாக நிலத்தை மேலேயிருந்துதான் பார்த்திருக்கிறேன். நான்கு புள்ளிக்குள் அடங்கினது என் வேலை, அடங்காதது எனக்குச் சம்பந்தமில்லாதது. அந்தக் கொல்லைகளில் எங்கே எது பறந்துகொண்டிருந்தது, நான் அடித்துவிட்டுப் போன பிறகு அவை எந்த வீட்டுக்குப் போய் விழுந்தன என்று நினைத்தேன். ஒவ்வொரு ஊராக நினைவுக்கு வந்தது. பிரம்மதேசம், ஓமந்தூர். எங்கேயும் யாரோ ஒரு மாசிலாமணி கீழே நின்று பார்த்தால்தானே தெரியும்.

குருத்து ஞாயிறு. கோயில் நிறைய ஓலை. நடுப்பூசையில் அப்பம் உயர்ந்தபோது எல்லோரும் மூச்சடக்கினோம். மேலே எதுவும் கேட்கவில்லை. ஒரு குழந்தை இருமியது. பழக்கத்தில் காத்திருந்துவிட்டு, ஏமாந்து, ஜனங்கள் சீக்கிரமாகத் தலை நிமிர்ந்தார்கள்.

பூசை முடிவில் அறிவிப்புகள். பெரிய வியாழன் நேரம், சிலுவைப்பாதை நேரம். பிறகு சாமி, "கூடு காலியா இருக்கறதால இந்த ஈஸ்டருக்கு மணி அடிக்கலாம்" என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். பெரியவர்களும் சிலர் தட்டினார்கள். மாமா பீடத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் தட்டவில்லை. நான்கு நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

நான் எழுந்து முன்னால் போனேன். "ஒண்ணு சொல்லணும் சாமி" என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. மைக்கை என் பக்கம் திருப்பிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

பெண்கள் பக்கம் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வது தெரிந்தது. என் குரல் ஒலிபெருக்கியில் யாருடையதோ போல வந்தது. "தேனீயைக் கொன்னது பெயிண்டர் பாயி இல்ல. நான். எள்ளுக்கு மருந்து அடிச்சேன். காலையில அடிக்கக் கூடாதுன்னு தெரியும். தெரிஞ்சே அடிச்சேன்."

ஓலைகள் உரசின. பிறகு பேச்சு எழுந்தது. நான் எதிர்பார்த்திருந்த பேச்சு அது இல்லை.

"போவட்டும் வுடும்மா, வேணும்னா செஞ்ச?"

"மருந்தடிச்சா பூச்சி சாவத்தான் சாவும். இதுக்குப் போயி மைக்குல..."

"நம்ம புள்ள. நல்ல மனசு, வந்து சொல்லுது பாரு."

இவ்வளவு எளிதாக என்னை மன்னித்துவிட்டார்கள். நான்கு நாள் முன்னால் ஒருவர் கையெடுத்துக் கும்பிடாத குறையாக நின்றபோது இதில் ஒரு வார்த்தைகூட யார் வாயிலிருந்தும் வரவில்லை. மன்னிக்காமல் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று தோன்றியது.

மாமா மட்டும் என்னிடம் வந்தார். "எத்தினி மணிக்கு அடிச்ச?"

"ஒம்போதுக்கு, மாமா."

"அதுங்க இருந்துதா, பூவுல?"

"இருந்துது."

அவர் தலையை ஆட்டினார். அடுத்து என்னைத்தான் ஏதோ சொல்லப் போகிறார் என்று நின்றேன். "நீ பேசாம நின்னுக்கினு இருந்த. நான் அந்தாளு மூஞ்சப் பாத்து அந்த வார்த்தய சொன்னேன்" என்றார். "என் வாயால சொன்னேனே, ஜெசி." அப்புறம், "அவரு நம்பரு யாருகிட்ட இருக்குது?" என்று கேட்டார்.

கொடுத்தேன். கண்ணாடி இல்லாமல் ஒவ்வொரு எண்ணாகத் தேடி அழுத்தினார். முதல் தடவை யாரும் எடுக்கவில்லை. ஜனங்கள் ஓலையோடு கலைந்து போய்க்கொண்டிருந்தார்கள். மறுபடி போட்டார். மூன்றாம் தடவை, "பாய்... நான் மாசிலாமணி. கோயில்லேர்ந்து" என்றார். "இல்ல இல்ல, சாமி பேசச் சொல்லல. நானாத்தான்." பேசிக்கொண்டே கூட்டத்தை விட்டு விலகிச் சுவரோரமாகப் போனார். அங்கிருந்து எனக்குச் சொற்கள் கேட்கவில்லை. ஒரு கையால் போனைக் காதில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் நெஞ்சில் தட்டிக்கொண்டார், பூசையில் 'என் பாவமே' சொல்லும்போது தட்டிக்கொள்வோமே அப்படி. ஒரு முறை, இரண்டு முறை. பிறகு பேசாமல் கேட்டுக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் நிஜாமுதீன் நிறையப் பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

அம்மா வந்து என் கையைப் பிடித்தாள். கை சூடாக இருந்தது. "எல்லாம் சொல்லிட்டல்ல? வா, வூட்டுக்குப் போலாம்."

"நீ போம்மா. மாமா பேசி முடிக்கட்டும்" என்றேன்.